தீபாவளி ஆர்டருக்குத் துணை கிடைத்த விதம்

மலேசியாவில், தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கிறேன். எஸ்எஸ்எம்மில் (நிறுவன ஆணையத்தில்) தொழில் பதிவு இருக்கிறது, ஆர்டரும் வருகிறது. ஆனால் தீபாவளி நெருங்கினால் கை போதாது. மிஞ்சிய ஆர்டரைக் கொடுக்கவோ, மாவு தீர்ந்தால் கேட்கவோ ஆள் இல்லை.

முதலில் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தேன். எல்லாரும் விளம்பரம் போடுகிறார்கள், கேள்விக்குப் பதில் வராது. ஈப்போவில் ஒரு தொழில்முனைவோர் கூட்டத்துக்கும் போனேன். கை நிறைய கார்டு: காப்புறுதி, அச்சகம், அழகு நிலையம். பலகாரம் சுடுகிறவர் ஒருவரும் இல்லை.

கடைசியில் வழிவிட்டவர் கேஸ் தோங் (சிலிண்டர்) கொண்டுவரும் அண்ணன்தான். வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்றால் 14 கிலோ தோங் வாரக்கணக்கில் வரும். அடிக்கடி மாற்றுகிற வீட்டில் பெரும்பாலும் ஏதோ வியாபாரம் நடக்கிறது. அது எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். நான் யார் நம்பரையும் கேட்கவில்லை. அந்த வீடுகளில் கொடுக்கச் சொல்லி அவரிடம் சின்னத் துண்டுச் சீட்டுகள் கொடுத்தேன். அதில் என் நம்பர், கூடவே ஒரே வரி: "உளுத்தம் மாவு மூட்டையாகச் சேர்ந்து வாங்கலாமா?" சேர்ந்து முன்னேறுவோம் என்று பொதுவாக எழுதியிருந்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தட்டை சுடும் அக்கா ஒருவர் அன்று மாலையே அழைத்தார். அப்புறம் இன்னும் சிலர்.

மாவில் தொடங்கி இப்போது ஆர்டரையும் பகிர்கிறோம். முன்கூட்டியே பேசி வைத்தது இதுதான்: ஆர்டர் எடுத்தவரின் லேபிள், சுட்டவருக்குச் சரக்கு எடுக்கும்போதே பணம். இந்த வருஷம் எந்த ஆர்டரையும் திருப்பி அனுப்பவில்லை. பெரிய நிம்மதி.