மாட்டின் வயிற்றை ஸ்கான் செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்து முடிந்த வளவுகளில் கட்டுக்கம்பியின் வெட்டுத் துண்டுகள் அங்கங்கே கிடப்பதைக் காணலாம். மாடு தீனியை முதலில் விழுங்கிவிட்டுப் பிறகே அசைபோடும் பிராணி என்பதால், குழையோடும் வைக்கோலோடும் சேர்ந்து அத்துண்டுகளும் உள்ளே போய்விடுகின்றன. பாரமான உலோகம் வயிற்றின் இரண்டாம் அறையான தேன்கூட்டறையில் தங்கி, அவ்வறை சுருங்கும்போது அதன் சுவரைக் குத்துகிறது. இந்நோயைக் கண்டறிவதில் மீயொலி ஸ்கான் பெரிதும் உதவுகிறது. ஆனால் ஸ்கானில் கம்பியைத் தேடுவதுதான் நான் அடிக்கடி காணும் முதல் தவறு.

தேன்கூட்டறைக்குள் இருக்கும் வாயுவும் தீனியும் ஒலியலையை உட்செல்ல விடுவதில்லை. ஆகவே கம்பியோ, முன்பு விழுங்கக் கொடுத்த காந்தமோ பெரும்பாலும் தென்படாது. கம்பியைக் காட்டுவது எக்ஸ்றே. ஸ்கான் காட்டுவது கம்பி செய்த சேதத்தை: அறையின் வெளிச்சுவரில் ஒட்டிய நார்ப்படிவு, அதனிடையே கறுப்பாகத் தெரியும் நீர், தடித்த உறையுடன் கூடிய சீழ்க்கட்டி. "கம்பி தெரியவில்லை, ஆகவே மாட்டுக்கு ஒன்றுமில்லை" என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுவது பேராபத்து. மறுபுறத்தில், வயிறு திறந்து கன்று எடுத்த பசுவில் சில நாட்களுக்கு நீரும் நார்ப்படிவும் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. அதைக் கம்பியின் கணக்கில் எழுதக்கூடாது.

அடுத்த தவறு அவசரம். நலமான மாட்டின் தேன்கூட்டறை ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு கட்டமாகச் சுருங்கும்: முதலில் பாதியளவு சுருங்கிச் சற்றே தளர்ந்து, உடனே முழுமையாகச் சுருங்கித் திரையை விட்டே மறைந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு ஜேர்சி கலப்புப் பசுவில் அரை நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு அசைவே இல்லை என்று எழுதினேன். "இப்பதானே ஐயா அசைபோட்டுக்கொண்டு நிண்டது" என்றார் கொட்டிலில் நின்ற அம்மா. அசைபோடுவதற்கே அவ்வறை மேலதிகமாக ஒரு தடவை சுருங்க வேண்டும் என்பதைப் படித்திருந்தும் மறந்திருந்தேன். மறுபடி வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. குறைந்தது மூன்று நிமிடமாவது ஒரே இடத்தில் கையை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். மாடு துள்ளுகிறது என்பதற்காக முதலிலேயே அதை அமைதிப்படுத்தும் மருந்தான சைலசீனைப் போடுவதும் இதே பிழைக்குத்தான் இட்டுச்செல்லும். அம்மருந்து வயிற்றின் அசைவையே அடக்கிவிடுவதால், பிறகு திரையில் தெரியும் மந்தம் நோயினாலா மருந்தினாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கருப்பரிசோதனைக்கு வைத்திருக்கும் குதவழிப் புறோப்பையே (புறோப் என்பது ஸ்கான் கருவியில் உடலோடு வைக்கும் முனை) தேன்கூட்டறையைப் பார்க்க நெஞ்சடியிலும் வைத்துப் பார்ப்பதுண்டு. அதன் அதிர்வெண் கூடியது. படம் தெளிவாக வந்தாலும் ஆழம் போதாது. வளர்ந்த மாட்டுக்கு 3.5 மெகாஹேர்ட்ஸ் அளவிலான புறோப் வேண்டும். மயிரை மழிக்காமல் ஜெல் பூசினால் இடையில் காற்று நின்றுவிடும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. மயிரை நனைக்க ஸ்பிரிட் ஊற்றுவோர், அது சில புறோப்புகளின் முகப்பைக் கெடுக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கன்று ஈன்ற முதல் மாதத்தில் தீனியும் பாலும் குறைந்த பசுவில், நான்காம் அறை இடப்பக்கம் நகர்ந்துவிட்டதா என்று பார்ப்பது அவசியம். இடப்பக்கக் கடைசி மூன்று விலா இடைவெளிகளையும் மேலிருந்து கீழாக முழுவதும் பார்க்க வேண்டும். மேற்பகுதியில் மட்டும் வைத்தால் வாயுவின் கோடுகளே தெரியும். முதல் அறையான பெருவயிற்றின் வாயுவும் அவ்வாறே தெரியும். கீழே வரும்போதுதான், வயிற்றுச் சுவருக்கும் பெருவயிற்றுக்கும் இடையே நீர்த்த தீனியுடன் இன்னோர் அறை புகுந்திருப்பது புலப்படும்.

தெருவோரம் மேயும் மாடுகளின் பெருவயிற்றில் சேரும் பொலித்தீனையும் ஸ்கான் நம்பத்தக்க வகையில் காட்டாது. அதற்கு மாட்டின் வரலாறும் கையால் அழுத்திப் பார்ப்பதுமே துணை.

கம்பிச் சந்தேகம் உள்ள மாட்டில், தேன்கூட்டறையைப் பார்த்ததோடு புறோப்பை எடுத்துவிடாமல் நான்காம், ஐந்தாம் விலா இடைவெளி வரை முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டும். இதயம், வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் பிரிமென்தகட்டுக்கு அப்பால் மிக அருகில் இருக்கிறது. அதைச் சுற்றி நீரோ சீழோ தேங்கியிருந்தால் மாடு பிழைப்பது அரிது. மருந்துச் செலவுக்கு உரிமையாளர் கடன்படுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.