கப் அளவைக் கிராமாக மாற்றுவது எப்படி?

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் பட்டர் கேக் செய்ய இறங்கியபோது, அமெரிக்கச் செய்முறை ஒன்றில் இருந்த "இரண்டு கப் மைதா"வை, கைக்கு எட்டிய ரைஸ் குக்கர் கப்பால் அளந்துவிட்டேன். கேக் நடுவில் குழிந்துபோனது. ரைஸ் குக்கருடன் வரும் கப் 180 மில்லிலிட்டர் கொள்ளும். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கப்போ 250 மில்லிலிட்டர். சிங்கப்பூர் வீடுகளில் இம்மூன்றும் ஒரே அலமாரியில் இருப்பது வழக்கம்தான்.

ஆகவே, முதலில் உங்கள் கப்பின் கொள்ளளவைக் கண்டறியுங்கள். டிஜிட்டல் தராசில் வெறும் கப்பை வைத்து, எடையைப் பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்திய பிறகு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ளது என்பதால், தராசு காட்டும் எண்ணே கப்பின் கொள்ளளவாகும்.

அடுத்து, செய்முறை எந்த நாட்டுக் கப்பைச் சொல்கிறது என்று பார்த்து, அந்தந்தப் பொருளின் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அமெரிக்கக் கப் சீனி 200 கிராம், வெண்ணெய் 227 கிராம், தேன் சுமார் 340 கிராம். கடைகளில் 227 கிராம் கட்டியாக விற்கும் வெண்ணெய் சரியாக ஒரு கப் என்பதை அறிந்தால், வெண்ணெயை அளக்கும் பிசுபிசுப்பான வேலையே இராது.

தொல்லை தருவது மாவுதான். மைதாவைக் கரண்டியால் மெல்லக் கப்பில் இட்டு, கத்தியின் முதுகால் மேற்பரப்பை வழித்தால் 120 முதல் 125 கிராம் வரை நிற்கும். அதே கப்பை மாவு டின்னுக்குள் நேரே அமுக்கி அள்ளினால் 140 கிராமைத் தாண்டிவிடும். செய்முறை வேறொன்றும் சொல்லாதபோது நான் 120 கிராம் என்றே கொள்கிறேன்.

வேறு கப்புக்கு மாற்ற, அமெரிக்கக் கப்பின் எடையை 237ஆல் வகுத்து, உங்கள் கப்பின் மில்லிலிட்டரால் பெருக்குங்கள். 120ஐ 237ஆல் வகுத்து 180ஆல் பெருக்கினால் 91 கிராம் வரும். என் இரண்டு கப்பில் 240 கிராமுக்குப் பதிலாக 182 கிராம் மாவுதான் விழுந்திருந்தது. சீனியும் அதே கப்பால் குறைந்தது. கட்டியாகப் போட்ட வெண்ணெயும் எண்ணிப் போட்ட முட்டையும் மட்டும் குறையவில்லை. நான்கு கப் அரிசி மாவுக்கு ஒரு கப் உளுத்தம் மாவு என்று விகிதத்தில் போகும் முறுக்கில் இந்தச் சிக்கல் எழாது. ஒரே கப்பைக் கடைசிவரை பயன்படுத்தினால் போதும்.

உப்பு, பேக்கிங் பவுடர் போன்றவற்றைக் கரண்டியிலேயே அளந்துவிடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு கிராமாகக் காட்டும் வீட்டுத் தராசு இரண்டு மூன்று கிராமைத் துல்லியமாகக் காட்டாது. தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர்; ஆஸ்திரேலியச் செய்முறையில் மட்டும் மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர்.