கடல் முள்ளெலி குத்தினால் ஊசியால் கிளற வேண்டாம், வெந்நீர் போதும்

டயடிமா எனும் நீண்ட முள் கடல் முள்ளெலி (உடலெங்கும் முள் கொண்ட, பந்து போன்ற கடல் உயிரி) காலில் குத்தினால், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் ஊற வையுங்கள், வலி தணியும். சூட்டை மற்ற காலால் பாருங்கள், குத்துப்பட்ட கால் மரத்திருந்தால் வெந்தாலும் தெரியாது.

ஊசியால் கிளறுவதுதான் பெரிய தப்பு. முள் சுண்ணாம்பாலான வெற்றுக்குழாய், தொட்டாலே நொறுங்கும். வெளியே நீட்டியிருக்கும் துண்டை மட்டும் இடுக்கியால் நேராக இழுங்கள். தோலில் தெரியும் கருநீலப் புள்ளி பலநேரம் வெறும் சாயம். ஓரிரு நாளில் மங்கிவிடும்.

மூட்டிலோ கண்ணருகிலோ குத்தினாலும், மூச்சுத் திணறினாலும் மருத்துவமனைதான். பகலில் பவளப்பாறை இடுக்கில் ஒடுங்கும் இந்த முள்ளெலிகள் இரவில்தான் மேயக் கிளம்பும். இருட்டில் பாறைமேட்டில் கால் வைக்காதீர்கள், மெல்லிய ரப்பர் செருப்பையும் முள் துளைத்துவிடும்.