வெளிநாட்டு நண்பரோடு பறவை பார்க்கப் போகிறீர்களா?

கிருஷ்ணகிரி அணைக்கோ ஒகேனக்கலுக்கோ பறவை பார்க்க வெளிநாட்டு நண்பர் வருகிறார் என்றால், அவர் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்: பையில் சாட்டிலைட் போன் இருக்கிறதா? மலையேறுபவர்கள் தோள்பட்டையில் மாட்டியிருக்கும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் உள்ளங்கையளவு அவசரக் கருவியும் இதில் சேரும். அரசின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் கைது வரை போகும். அவர்கள் ஊரில் அது சாதாரணப் பொருள், அதனால் பலருக்கும் தெரிவதில்லை. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் தங்கினாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு ‘சி’ படிவம்) ஆன்லைனில் பதிய வேண்டும். அது உங்கள் பொறுப்பு. பாஸ்போர்ட், விசா நகலை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அணையில் கேமராவை மதகுப் பக்கம் திருப்பாமல், கரையோரச் சேற்றில் மேயும் மஞ்சள்மூக்கு நாரைகள் மேலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். காவிரி வடக்குச் சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி தனி.