விதைக்கு ஆர்டர் போடும் முன் பழைய டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

போன முறை நான் விதைக்கு ஆர்டர் போட்டது ராத்திரி பதினோரு மணிக்கு, படுத்தபடியே, போனில். 23 பாக்கெட். என் பாத்தியோ பத்தடிக்கு நாலடி. பார்சலைப் பிரித்த அன்றுதான், அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் அதே தக்காளி ரகம் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் கிடப்பது ஞாபகம் வந்தது.

இந்த முறை டப்பாவைத் தரையில் கவிழ்த்துத்தான் ஆரம்பித்தேன். பழைய விதை எல்லாம் குப்பை இல்லை. நன்றாகக் காய்ந்து, வெயில் படாமல் இருந்தால் தக்காளி, கத்தரி, வெள்ளரி விதைகள் நாலைந்து வருடம் தாங்கும். பீன்ஸ், கேரட் மூன்று வருடம். மிளகாய் இரண்டு மூன்று. வெங்காயம்தான் மோசம், ஒரு வருடம் தாண்டினால் நம்ப முடியாது.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடுங்கள். டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிழிந்து, பத்து விதையை வரிசையாக வைத்து மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். நான் மிளகாயை இப்படி வைத்தேன். ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. தூக்கிப் போடலாம் என்றிருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் பிரித்தால் ஆறு விதையில் ஊசி முனை போல வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது. பத்துக்கு ஆறு என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தூவினால் போதும், புதிது வாங்க வேண்டாம். வெங்காயத்தில் பத்துக்குப் பூஜ்யம்.

சரி, டப்பாவில் இல்லாதவற்றை எழுதியாயிற்று. அடுத்து இடத்தைக் கணக்குப் பாருங்கள். பாக்கெட்டை எண்ணாதீர்கள், செடியை எண்ணுங்கள். தக்காளிக்குச் செடிக்குச் செடி இரண்டடி விட வேண்டும். அப்படிப் பார்த்தால் என் நாற்பது சதுர அடி முழுக்கவே பத்துச் செடிதான். ஒரு கிராம் தக்காளி விதையிலோ சுமார் 300 விதை இருக்கும்! ஐந்து ரகம் வாங்கினால், ஒவ்வொன்றிலும் இரண்டு செடி வைத்துவிட்டு மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டியதுதான். வெண்டை அப்படியில்லை, இரண்டு செடி வைத்தால் ஒரு பறிப்புக்கு நாலு காய்தான் தேறும், எட்டுப் பத்துச் செடியாவது வேண்டும். ஒன்றரை அடி இடைவெளி அதற்குத் தாராளம்.

ஆர்டர் போடும்போது படத்தைப் பார்க்காமல் விவரத்தைப் படியுங்கள். குத்துச்செடி பீன்ஸ் என்று நினைத்துக் கொடி பீன்ஸ் வாங்கியது நான்தான். அது பக்கத்திலிருந்த தக்காளிக் குச்சியைப் பிடித்து ஏறி, ஒரு காற்று நாளில் இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. தக்காளியிலும் குட்டையாக நின்று ஒரே மூச்சில் காய்ப்பது, வளர்ந்துகொண்டே காய்ப்பது என இரண்டு உண்டு. தொட்டிக்கு முதலாவது வாங்குங்கள். அடுத்த வருடத்துக்கு விதை எடுக்க ஆசை என்றால் 'எஃப்1' என்று போட்ட ஹைப்ரிட் வேண்டாம். அதன் விதையில் வரும் செடி தாயைப் போல இருக்காது.

'70 நாளில் அறுவடை' என்று போட்டிருப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து. அதற்கு முன்னால் நாற்றங்காலில் தக்காளிக்கு நாலு வாரமும், மற்ற இரண்டுக்கு ஐந்தாறு வாரமும் போய்விடும். ஆகவே நடவுத் தேதியிலிருந்து பின்னால் எண்ணி, அந்த வாரத்துக்கு முன்பே விதை கைக்கு வரும்படி ஆர்டர் போடுங்கள். கேரட், முள்ளங்கி, பீன்ஸுக்கு நாற்று வேலையே இல்லை, நேராகப் பாத்தியில் போடுவதுதான். முள்ளங்கி ரகத்தைப் பொறுத்து ஒன்று ஒன்றரை மாதத்தில் வந்துவிடும், ஆகவே பாக்கெட்டை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பிடி.

பார்சல் வந்ததும் வாங்கிய மாதத்தை ஒவ்வொரு பாக்கெட்டிலும் பேனாவால் எழுதிவிடுங்கள். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அப்புறம் விதை எடுக்கும் நாளில் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டிலின் குளிர் அடங்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, மிச்ச விதையும் ஈரமாகிவிடும்.