கட்டம் போட்ட நோட்டில் கசாக் கிடாக்கொம்பு

கஜகஸ்தான் கொடியில் கம்பத்தை ஒட்டி ஒரு பொன்னிற வேலைப்பாடு மேலிருந்து கீழாக ஓடும். அது செம்மறிக் கிடாவின் கொம்பு, கசாக் மொழியில் 'கொஷ்கர் மூயிஸ்'. 1992இல் கொடியில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அது கூடாரங்களிலும் விரிப்புகளிலும் இருந்தது. அதை 'அலாஷா' விரிப்பில் வருகிற பாணியில் வரைந்து பழகுவோம்.

அலாஷாவில் மேலே கம்பளிக் கற்றை நிற்காது. நீளவாட்டில் போகும் பாவு நூலும் குறுக்கே போகும் ஊடை நூலும் மட்டும்தான். தரைத்தறியில் ஒடுக்கமான நீளப் பட்டைகளாக நெய்து, பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள்.

தேவை: கட்டம் போட்ட கணக்கு நோட்டு, சிவப்பு பென்சில்.

படி 1. நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக 7 கட்டங்களுக்கு நிறம் கொடுங்கள். இது தண்டு.

படி 2. உச்சிக் கட்டத்திலிருந்து வலப்பக்கம் 4, அங்கிருந்து கீழே 3, உள்ளே இடப்பக்கம் 2, மேலே 1. அவ்வளவுதான், ஒரு கொம்பு சுருண்டுவிட்டது. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனால் தப்பாது.

படி 3. இடப்பக்கமும் அப்படியே. மொத்த அகலம் 9 கட்டம்.

வளைவு எங்கே என்று கேட்பீர்கள். கம்பளியை அடித்துச் செய்யும் 'சிர்மாக்' விரிப்பில் கத்தியால் வெட்டுவதால் கொம்பு வழுவழுவென்று வளையும். தறியிலோ நூல் குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகும். அதனால் கொம்பு படிக்கட்டாகிவிடுகிறது. எனக்கு இந்த மூலைமுடுக்குள்ள கொம்புதான் அதிகம் பிடிக்கும்.

படி 4. ஒரு கட்டம் இடைவெளி விட்டு, அடுத்த கொம்பைத் தலைகீழாகப் போடுங்கள். இப்படி வரிசையாக மாற்றிப் போட்டால் ஒரு பட்டை தயார். நிறம் கொடுக்காத வெள்ளை இடத்தையும் பாருங்கள். அது துண்டு துண்டாகச் சிதறாமல் தனக்கென ஓர் உருவத்தோடு நிற்க வேண்டும்.

படி 5. ஓரத்துக்குச் சிறு முக்கோணங்கள். இது 'துமார்', அதாவது தாயத்து. கண்ணேறு படாமல் காக்கும் என்பது நம்பிக்கை. கொம்பு மந்தைச் செல்வத்தைக் குறிக்கும், பறவைச் சிறகு சுதந்திரத்தை, ஒட்டகத்தின் கால்தடம் நெடும்பயணத்தை. அதற்காக ஒவ்வொரு விரிப்பையும் கடிதம்போல வரி வரியாகப் படித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அழகுக்காக மட்டும் நெய்தவர்களும் உண்டு.

படி 6. இதேபோல் இன்னொரு பட்டை வரைந்து, இரண்டையும் கத்தரித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். கொம்புகள் நேருக்கு நேர் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். கையால் நெய்த அலாஷாவிலும் தையல் ஓரத்தில் அப்படி விலகி நிற்பதைப் பார்க்கலாம்.