ஒரே கணக்கு, வாரம் ஒரு குரல்

சமூக ஊடகத்தில் உரையாடலைத் தொடங்க நினைப்பவர்கள், ஆஸ்திரேலியப் பூர்வகுடி எழுத்தாளர் லூக் பியர்சனின் வழியைப் பார்க்கலாம். கமிலராய் மக்களைச் சேர்ந்த இவர், முன்பு பள்ளி ஆசிரியர். 2012-இல் ட்விட்டரில் 'இண்டிஜினஸ்எக்ஸ்' என்ற கணக்கைத் தொடங்கியவர், அதில் தானே பேசிக்கொண்டிருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு பூர்வகுடியிடம் கணக்கை ஒப்படைத்தார். வாசகர்கள் அதேதான், பேசுபவர்தான் மாறுவார். பூர்வகுடிகள் எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பவர்கள் என்ற எண்ணம் அதிலேயே அடிபட்டுப்போகும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். பொறுப்பேற்பவர் முதல் பதிவில் தன் பெயர், ஊர், தொழில் மூன்றையும் சொல்லட்டும். அவர் எழுதுவதில் கை வைக்காதீர்கள். பிறகு எதற்கு அழைத்தீர்கள்? வாரம் முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. "உங்கள் பாட்டி எந்த ஊரில் வளர்ந்தார்?" என்று கேளுங்கள், பதில்கள் வந்து குவியும்.

பூர்வகுடியினர் படங்களைப் பகிர்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் காட்டுவதைப் பல சமூகங்கள் தவிர்க்கின்றன. அதனால்தான் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகள் முன்கூட்டியே எச்சரிக்கை போடுகின்றன.